கணக்கில் விட்டுப்போன ஒருவர்!

பெரிய பந்தயம் வருகிறது என்றால் முன்கூட்டியே எல்லோரும் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள்.

"அந்த அணியில் அவர் இருக்கிறார். இந்த அணியில் இவர் இருக்கிறார். இருவரில் யார் கெட்டிக்காரர்?"

இப்படித்தான் பேச்சு நடக்கிறது. பத்திரிகைகளும் இப்படியே எழுதுகின்றன. இந்தக் கணக்கு சரிதானா?

சரி அல்ல என்பது நம் கருத்து. அமெரிக்காவில் நடந்த ஒரு கல்லூரிப் பந்தயம் இதற்கு நல்ல சாட்சி.

2006-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி. கலிபோர்னியா மாகாணத்தில் உள்ள பசடேனா நகரம். அங்குள்ள ரோஸ் பவுல் மைதானத்தில் 93 ஆயிரம் பேருக்கு மேல் கூடி இருந்தார்கள். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களும் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர்களும் கால்பந்து சாம்பியன் பட்டத்துக்காக மோதினார்கள்.

கால்பந்து என்றதும் நாம் ஆடும் ஆட்டம் என்று எண்ண வேண்டாம். இது அமெரிக்கக் கால்பந்து. இதில் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். காலால் உதைப்பது குறைவு. சடுகுடுவில் பாடி வருகிறவரைப் பிடித்து அமுக்குவது போல, பந்தோடு ஓடுகிறவரை எதிர் அணியினர் பிடித்துத் தரையில் சாய்ப்பார்கள்.

மைதானத்தின் நீளம் 100 கெஜம். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரியின் கைக்குப் போய்விடும். எதிரியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் 6 புள்ளிகள்.

இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு அணியிலும் தாக்குவதற்கு 11 பேர், தற்காப்புக்கு வேறு 11 பேர். தாக்குகிறவர்களின் வேலை முடிந்ததும் அவர்கள் வெளியே போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

மூன்று சூரர்கள்

கலிபோர்னியா அணி தொடர்ந்து 34 பந்தயங்களில் வென்றிருந்தது. அதில் இரண்டு சூரர்கள். ஒருவர் மாட் லைனார்ட். பந்தை வாங்கி, யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவர். இந்த இடத்தில் ஆடுகிறவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். இன்னொருவர் ரெஜி புஷ். மின்னல் போல ஓடுகிறவர். கல்லூரி ஆட்டக்காரர்களுக்குத் தரும் மிகப் பெரிய பரிசு ஹைஸ்மன் கோப்பை. 2004-ல் அது லைனார்ட்டுக்குக் கிடைத்தது. 2005-ல் புஷ்ஷுக்குக் கிடைத்தது.

டெக்சாஸ் அணியும் லேசுப்பட்டது அல்ல. தொடர்ந்து 19 வெற்றிகள். அதன் குவார்ட்டர்பேக் வின்ஸ் யங். 2005-ம் ஆண்டு ஹைஸ்மன் போட்டியில் புஷ்ஷுக்கு அடுத்தபடியாக வந்தவர்.

"புஷ் பெரியவரா, யங் பெரியவரா?" இதுதான் அப்போது எங்கும் பேச்சு! கலிபோர்னியா அணி சரித்திரத்திலேயே சிறந்த அணியா என்று, பந்தயம் நடக்கும் முன்பே, டெலிவிஷனில் விவாதம் நடத்தினார்கள். பந்தயம் கட்டுகிறவர்களும் கலிபோர்னியா ஏழு புள்ளிகள் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? புஷ்ஷும் யங்கும் மைதானத்தில் நேருக்கு நேர் மோதவே போவதில்லை! ஒருவர் ஆடும்போது மற்றவர் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். யங்கைத் தடுக்க வேண்டியவர்கள் கலிபோர்னியாவின் தற்காப்பு வீரர்கள். புஷ்ஷைத் தடுக்க வேண்டியவர்கள் டெக்சாஸின் தற்காப்பு வீரர்கள். அவர்களைப் பற்றிப் பேசினவர்கள் சொற்பம்.

ஒன்பதா, பத்தா?

இங்கேதான் சின்ன கூட்டல் கழித்தல் கணக்கு வருகிறது.

தாக்குகிறவர்கள் 11 பேர். தடுக்கிறவர்களும் 11 பேர். குவார்ட்டர்பேக் பந்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. பந்தை வாங்கியவர் ஓடுகிறார். மிச்சம் 9 பேர். இந்த 9 பேரும் ஆளுக்கு ஓர் எதிரியை மறித்து நிறுத்தினாலும், எதிர் அணியில் 2 பேர் சும்மா இருப்பார்கள். அவர்கள் ஓடுகிறவரைப் பிடித்துவிடலாம்.

குவார்ட்டர்பேக்கே பந்தோடு ஓடினால்? மறிப்பதற்கு 10 பேர் கிடைக்கிறார்கள். எதிர் அணியில் ஒருவர்தான் மிச்சம். ஓடுகிறவர் அந்த ஒருவரை ஏமாற்றினால் போதும்!

டெக்சாஸ் அணி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. வரிசையின் ஓரத்தில் நிற்கும் எதிரி ஒருவரை வேண்டும் என்றே மறிக்காமல் விட்டுவிடுவார்கள். யங் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். பந்தை வாங்க வருகிறவர் மீது அந்த எதிரி பாய்ந்தால், யங் பந்தைக் கொடுக்காமல் தாமே ஓடிவிடுவார். பாயாமல் நின்றால் பந்தைக் கொடுத்துவிடுவார். பாவம், அந்த எதிரி இருதலைக் கொள்ளி எறும்புதான்! லைனார்ட் இப்படி ஓடுகிறவர் அல்ல. அவர் பலம் எல்லாம் கையில் இருந்தது.

ஆட்டம் முடிந்த பிறகு இப்படி எல்லாம் சொல்வது சுலபம் என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் இதற்குச் சாட்சி முன்பே இருந்தது. அதே ரோஸ் பவுல் மைதானத்தில், 2005-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, மிச்சிகன் அணியை டெக்சாஸ் 38-37 என்று வென்றது. அன்று யங் ஓடியே 192 கெஜம் கடந்தார். நான்கு முறை கோட்டைத் தாண்டினார். கலிபோர்னியாவின் தற்காப்பிலும் ஓட்டை இருந்தது. 2005 நவம்பரில் பிரெஸ்னோ ஸ்டேட் அணி அதற்கு எதிராக 42 புள்ளிகள் எடுத்தது. கலிபோர்னியா 50 எடுத்ததால் தப்பியது. எல்லோரும் அந்த ஐம்பதைப் பார்த்துக் கைதட்டினார்கள். நாற்பத்திரண்டை மறந்தார்கள்.

கடைசி நிமிடங்கள்

பந்தயம் தொடங்கியது. புஷ்ஷை டெக்சாஸ் வீரர்கள் நன்றாகவே கட்டுப்படுத்தினார்கள். அன்று அவர் பந்தோடு ஓடியது 82 கெஜம். ஆனால் அதிகம் பேசப்படாத லெண்டேல் ஒயிட் 124 கெஜம் ஓடி மூன்று முறை கோட்டைத் தாண்டினார்! லைனார்ட்டும் பிரமாதமாக எறிந்தார். ஏழு நிமிடம்கூட மிச்சம் இல்லாத நேரத்தில் கலிபோர்னியா 38, டெக்சாஸ் 26.

யங் மறுபடியும் ஓடினார். 38-33 ஆயிற்று.

பந்து கலிபோர்னியாவிடம். இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாக்கி. நான்காவது வாய்ப்பு. வேண்டியது இரண்டே கெஜம்! அது கிடைத்திருந்தால் ஆட்டம் முடிந்ததுபோலத்தான். பந்தை ஒயிட்டிடம் கொடுத்தார்கள். புஷ் அந்தச் சமயத்தில் மைதானத்திலேயே இல்லை, ஓரத்தில் நின்றார். புஷ் இருந்திருந்தால் அவரையும் ஒரு கண் பார்க்க வேண்டும். இல்லாததால் டெக்சாஸ் வீரர்கள் மொத்தமாக நடுவில் குவிந்தார்கள். 2005-ன் சிறந்த பின்களத் தற்காப்பு வீரர் என்று பரிசு பெற்ற மைக்கேல் ஹஃப் அவர்களில் ஒருவர். ஒயிட் நகர்ந்தது ஒரு கெஜம். அதோடு அமுக்கிவிட்டார்கள்.

பிறகு யங் பந்தோடு அணியை முன்னே கொண்டுபோனார். கோட்டுக்கு 8 கெஜம். இவருக்கும் நான்காவது வாய்ப்பு. வேண்டியது 5 கெஜம். பந்தை எறிவதுதான் திட்டம். வாங்க வேண்டியவர்களைக் கலிபோர்னியா வீரர்கள் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். யங் இடது பக்கம் பார்த்தார். வழி இல்லை. வலது பக்கம் ஓடினார். அங்கே அவரைத் தடுக்க ஆள் இல்லை. மைதானத்தின் மூலையில், யார் கையும் மேலே படாமல், கோட்டைத் தாண்டினார். அப்போது மிச்சம் இருந்தது 19 விநாடி.

டெக்சாஸ் 41, கலிபோர்னியா 38. அன்று யங் எறிந்து சேர்த்தது 267 கெஜம். ஓடிச் சேர்த்தது 200 கெஜம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒயிட் இன்னும் ஒரு கெஜம் நகர்ந்திருந்தால் கலிபோர்னியாதான் ஜெயித்திருக்கும். தப்புக் கணக்குப் போட்டவர்கள் எல்லோரும் மேதைகள் ஆகியிருப்பார்கள்!