"கூட யார் வந்தாங்க?" என்று கேட்பவர்களுக்கு

நீளமான பதிவு. வகுப்பில் நெளிந்த மாதிரி இங்கேயும் நெளியாமல் கடைசி வரை படியுங்கள். சண்டை போடுவதென்றால் படித்துவிட்டுப் போடலாம்.

போன வாரம் கொல்கத்தா படங்களைப் போட்டேன். வந்த கருத்துகளை மூன்று கட்டாகக் கட்டிவிடலாம். "தனியாவா போனீங்க?" "பசங்க யாரும் வரலையா?" "இந்த வயசுல இது தேவையா?" மூன்றாவது கேள்வி பெரும்பாலும் என் சொந்தக்காரர்கள் கேட்டது. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டவர்கள் இரண்டே பேர். முப்பத்து நான்கு வருடம் சமூக அறிவியல் நடத்தியவளுக்கு இதைவிட என்ன வருத்தம் வேண்டும்?

ஆகவே முதலில் என்ன பார்த்தேன் என்பதைச் சொல்கிறேன். பிறகு கேள்விகளுக்கு வருகிறேன்.

எனக்குக் கிடைத்தது ஒரு பகல். காலையில் ஹவுரா படித்துறையில் படகு ஏறினேன். தலைக்கு மேலே ஹவுரா பாலம். 1943-இல் திறந்தது. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. நட்டு போல்ட்டு கிடையாது, முழுக்க ரிவெட் அடித்துச் சேர்த்தது. அக்கரையில் இறங்கி நடந்தால் புனித ஜான் தேவாலயம். அதன் வளாகத்தில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல்லைப் பார்க்கத்தான் நான் போனேன். ஏன் தெரியுமா? அது நம் பல்லாவரம் பக்கத்துக் கல். சென்னையிலிருந்து கொண்டுபோனது. தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893-இல் அந்தக் கல்லறையை வைத்துத்தான் இந்தப் பாறை வகைக்கே 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். பல்லாவரம் மலையையும் பரங்கிமலையையும் தினமும் ரயிலில் தாண்டுகிறீர்களே, அந்தப் பாறைக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் கொல்கத்தாவில் ஒரு கல்லறையிலிருந்து வந்தது. அங்கே முக்கால் மணி நேரம் நின்றேன். "அக்கா, பஸ் கிளம்புது" என்று கூப்பிட யாரும் இல்லை.

எஸ்பிளனேடிலிருந்து டிராம். கொல்கத்தாவில் 1873-இல் குதிரை இழுத்த டிராம் ஓடியது. 1902-இல் மின்சாரத்துக்கு மாறியது. ஒரு சிறு தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப் போவதாக மாநில அரசு 2024-இல் அறிவித்தது. அதனால்தான் இப்போதே போய்விட வேண்டும் என்று கிளம்பினேன். நடத்துநர் என்னை "மாஷிமா" என்றார். வங்காளத்தில் அது சித்தி, பெரியம்மா மாதிரி. ஓர் இளைஞன் எழுந்து இடம் கொடுத்தான். கல்லூரித் தெருவில் இறங்கிப் பழைய புத்தகக் கடைகளில் ஒரு மணி நேரம். அங்கிருந்து பவ்பஜார் தெரு, 210ஆம் எண். இப்போது தெருவின் பெயரும் மாறிவிட்டது, கட்டடத்தில் வணிகவியல் கல்லூரி நடக்கிறது. ஆனால் 1907-இல் நிதித்துறை வேலைக்காகக் கல்கத்தா வந்த ஒரு தமிழ் இளைஞர், அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யப் போனது அந்த முகவரிக்குத்தான். 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு கண்டறியப்பட்டதும் அங்கேதான். வருடாவருடம் தேசிய அறிவியல் தினத்துக்குப் பேச்சுப்போட்டி நடத்தினோமே, அந்த நாள்!

மதியம் இந்திய அருங்காட்சியகம். 1814-இல் தொடங்கியது. பார்ஹூத் தூபியின் கல்வேலியை மட்டும் பார்த்தேன், மற்றதை விட்டுவிட்டேன். சாயங்காலம் ஆற்றுக்கு அடியில் மெட்ரோவில் ஹவுரா திரும்பினேன். 2024 மார்ச்சில் திறந்த பாதை. சுமார் 520 மீட்டர் ஆற்றை முக்கால் நிமிடத்தில் தாண்டிவிடுகிறது. காலையில் மேலே, மாலையில் கீழே. ஏழு மணிக்கு அறையில் இருந்தேன்.

இதில் எந்த இடத்தில் எனக்குத் துணை தேவைப்பட்டது? சொல்லுங்கள்.

"பாதுகாப்பு டீச்சர்" என்கிறீர்கள். சரி. விடுதி முகவரியை மகனுக்கு அனுப்பினேன். பணத்தை இரண்டு இடத்தில் வைத்தேன். போனுக்கு பவர் பேங்க், கைப்பையில் பிரஷர் மாத்திரை, இருட்டுவதற்குள் திரும்புவது. இதெல்லாம் எச்சரிக்கை. வீட்டிலேயே உட்கார் என்பது அச்சம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களா நீங்கள்?

"பாஷை தெரியாதே" என்றீர்கள். போக வேண்டிய இடத்தின் பெயரைச் சொல்லி, கையைக் காட்டினால் போதும். துணைக்கு ஆள் இருந்திருந்தால் நாங்கள் இருவரும் தமிழில் பேசிக்கொண்டே திரும்பியிருப்போம். தனியாகப் போனதால்தான் அந்த ஊர்க்காரர்களிடம் பேசினேன்.

"குரூப் டூர் போகலாமே" என்றார் என் கொழுந்தனார். போயிருக்கிறேன். காளிகாட், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம், விக்டோரியா நினைவு மண்டபம் எல்லாம் ஒரே நாளில். எங்கும் இருபது நிமிடம். அதில் பத்து நிமிடம் செருப்பு விடவும் எடுக்கவும். அது வேண்டியவர்களுக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஒன்றுதான் வயதானவர்களுக்கு வழி என்று சொல்லாதீர்கள்.

இப்போது கொஞ்சம் கோபமாகப் பேசப் போகிறேன்.

என் வயதுள்ள ஆண் தனியாகக் காசிக்குப் போனால் "கொடுத்து வைத்தவர்" என்கிறீர்கள். காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிறீர்கள். நான் போனால் "பிள்ளைகள் கவனிக்கவில்லையா" என்கிறீர்கள். பழி என் மேல் மட்டும் இல்லை, என் பிள்ளைகள் மேலும் விழுகிறது. இந்த ஒரு பேச்சுக்குப் பயந்தே நம் குடும்பத்தில் எத்தனை பெண்கள் ஆசைப்பட்ட ஊரைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஓய்வூதியம் கையில் இருக்கிறது, கால் நடக்கிறது. துணைக்கு ஆள் வரும்வரை காத்திருந்தால், ஆள் வரும்போது கால் நடக்காது.

கொல்கத்தா விடுதியில் ஆதார் அட்டையைப் பார்த்தார்கள், சாவியைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். நம் தமிழ்நாட்டில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கோயில் ஊரில், இரண்டு வருடம் முன்பு மூன்று லாட்ஜுகளில் எனக்கு அறை இல்லை என்றார்கள். சாவிகள் வரிசையாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. "சிங்கிளா வந்தா ரூம் தர்றதில்லைம்மா." ஏன்? "போலீஸ் சொல்லியிருக்கு." எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? பதில் இல்லை.

அவர்களுடைய பயம் எனக்குத் தெரியும். தனியாக வருகிறவர் அறையில் ஏதாவது செய்துகொண்டால் வழக்கு, அலைச்சல், கெட்ட பெயர். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் யோசியுங்கள். உண்மையிலேயே மனம் உடைந்து ஒருவர் வந்தால், ராத்திரி பத்து மணிக்கு அவரைத் தெருவில் விடுவதா தீர்வு? சாப்பிட்டீர்களா என்று கேட்கலாம். வீட்டு எண் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு போன் போடலாம். காலையில் கதவைத் தட்டி காபி வேண்டுமா என்று விசாரிக்கலாம். கதவை மூடுவதால் காப்பாற்றப்படுவது லாட்ஜின் பெயர்தான், மனிதர் இல்லை.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி இன்பாக்ஸில் எழுதியிருந்தாள். கணவர் இறந்து ஒரு வருடம் முடியப் போகிறது. அவருக்காக ஒரு தலத்துக்குப் போய்க் கடலில் குளித்துவிட்டு வர வேண்டும். பிள்ளைகள் இல்லை. போன் செய்த இடமெல்லாம் "கூட யார்?" என்று கேட்கிறார்களாம். "கூட இருந்தவருக்காகத்தான் டீச்சர் போறேன், இதை எப்படி அவங்ககிட்ட சொல்றது?" என்று கேட்டிருந்தாள். எனக்குப் பதில் எழுத அரை நாள் ஆயிற்று.

உங்களில் சிலர் லாட்ஜ் நடத்துகிறீர்கள். சிலர் டிராவல்ஸ் வைத்திருக்கிறீர்கள். இரண்டு பேர் காவல்துறையில் இருக்கிறீர்கள். மற்ற எல்லோர் வீட்டிலும் ஓர் அம்மாவோ அத்தையோ இருக்கிறார். ஆகவே வீட்டுப்பாடம்:

1. லாட்ஜ்காரர்கள்: அடையாள அட்டை சரியாக இருந்தால் தனி ஆளுக்கு அறை கொடுங்கள். சந்தேகம் வந்தால் பேசுங்கள், விரட்டாதீர்கள்.

2. டிராவல்ஸ்காரர்கள்: "மினிமம் ரெண்டு பேர்" என்பதை எடுங்கள். தனி அறைக்கு எவ்வளவு கூட என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கணக்குத் தெரிந்தால் வருகிறவர் முடிவு செய்துகொள்வார்.

3. காவல்துறைப் பிள்ளைகள்: உங்கள் பெயரைச் சொல்லித்தான் கதவை மூடுகிறார்கள். அப்படி ஓர் உத்தரவு உங்கள் எல்லையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை லாட்ஜ்காரர்களிடம் சொல்லுங்கள்.

4. மற்றவர்கள்: அம்மா எங்கேயாவது போகணும் என்றால் "யாரோட?" என்று கேட்காதீர்கள். "எங்கே, எந்த ரயில், பவர் பேங்க் இருக்கா?" என்று கேளுங்கள்.

அந்த மாணவிக்கு அறை கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் கருத்தில் எழுதுங்கள். ஊர் பெயரைத் தனியே சொல்கிறேன். இந்தப் பதிவுக்கு லைக் வேண்டாம், அவளுக்கு ஒரு சாவி போதும்.