உளி பட்ட தட்டு

மூன்று வாரம் அந்தச் சத்தத்தோடுதான் வண்டி ஓட்டினேன். காலையில் வீட்டு வாசலில் இருந்து கிளம்பி, முதல் சந்தியில் பிரேக்கில் கால் வைத்ததும் ஒரு ‘கீச்’. எங்கள் ஊரான பத்து பாகாட்டில் இரவு மழைக்குப் பஞ்சமில்லை. மழையில் நனைந்து நின்ற வண்டியின் பிரேக் தட்டில் விடிவதற்குள் மெல்லிய துரு பூத்துவிடும். அந்தத் துருதான் கத்துகிறது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். நாலு நாள் தொடர்ந்து வெயில் காய்ந்த பிறகு என் மனைவி கேட்டார்: “இன்னுமா மழை?”

துருவின் சத்தம் நாலைந்து முறை பிரேக் பிடித்தால் அடங்கிவிடும். தட்டைக் கவ்வும் பிரேக் பேட் தேய்ந்த சத்தம் அடங்காது. அது கத்துவதற்கென்றே வைத்த சத்தம். பல வண்டிகளில் பேட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு தகட்டு நாக்கு இருக்கும். பேட் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு இளைத்ததும் அந்த நாக்கு தட்டை உரசும். வண்டி செய்தவன் எனக்காகவே விட்டுப்போன தாக்கீது அது. நான் அதற்கு மேல் பாட்டுப் போட்டுவிட்டேன்.

நாலாவது வாரம் கீச் நின்றது. அப்பாடா என்றிருந்தது. இரண்டு நாளில் ‘கர்கர்’ என்று அரைக்கத் தொடங்கியது. மிதியில் வைத்த காலுக்கும் அந்த அதிர்வு வந்தது. இனி மழையின் மேல் பழி போட வழியில்லை.

இங்கே மெக்கானிக்கை நாங்கள் ஃபோர்மேன் என்போம். சாலான் குளுவாங் பக்கம் கடை வைத்திருக்கும் நம் பையன் ஒருவன், முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னான்.

“அண்ணே, இதுல பேட்டு எங்க இருக்கு? வெறும் இரும்புதான் இருக்கு.”

உண்மைதான். பேட் முழுக்கத் தேய்ந்து, அதைத் தாங்கும் பின்தகடே தட்டை அறுத்துக்கொண்டிருந்தது. தட்டு முழுவதும் வட்ட வட்டமாகப் பள்ளம். மலாயில் பத்து என்றால் கல், பாகாட் என்றால் உளி. முன்னொரு காலத்தில் சயாமியப் படை மின்யாக் பெக்குவில் பாறையைக் குடைந்து நன்னீர்க் கிணறு வெட்டியதால் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்று கதை. ஊர்ப் பெயரை என் வண்டியில் செதுக்கி வைத்திருந்தேன். பேட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, தட்டுகளையும் சேர்த்துக்கொண்டு மூன்று மடங்கு வெள்ளி ஆனது.

இன்னொரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் பானெட்டைத் திறந்தபோது பிரேக் எண்ணெய் குறைந்திருந்தது. நானே வாங்கி ஊற்றி நிரப்பி, கையைத் துடைத்துக்கொண்டேன். அதைக் கேட்டுப் பையன் சிரித்தான். பேட் இளைக்க இளைக்க, அதைத் தள்ளும் பிஸ்டன் முன்னே நகரும். அந்த இடத்தை நிரப்ப எண்ணெய் இறங்கும். மட்டம் குறைந்தால் ஒன்று ஒழுகுகிறது, இல்லை பேட் தேய்ந்திருக்கிறது. இரண்டில் எது என்று பார்க்காமல் ஊற்றினால், அறிகுறியை அழித்ததாகத்தான் கணக்கு. புதுப் பேட் போடும்போது பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியதும் நான் ஊற்றியதெல்லாம் பொங்கி வழிந்தது.

“எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருதடவை மாத்தணும்?” என்று எல்லாரையும் போல நானும் கேட்டேன். அவனிடம் பதில் இல்லை; யாரிடமும் இருக்க நியாயமில்லை. ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலை ஏறி கோலாலம்பூர் வரை ஓடும் வண்டி வழியில் எத்தனை முறை பிரேக் பிடிக்கும்? நான் தினமும் போவது ஸ்ரீ காடிங், பாரிட் ராஜா வழி. சமிக்ஞை விளக்கு, லாரி, பல்கலைக்கழக மாணவர்களின் மோட்டார் சைக்கிள், மறுபடி விளக்கு. புக்கிட் பானாங் மலையை விட்டால் ஏற்ற இறக்கம் அதிகமில்லாத சமவெளி, பிரேக்குக்கு என்ன வேலை என்று நினைத்திருந்தேன். மலையைவிட சிவப்பு விளக்கு அதிகம் தின்கிறது.

ஆகவே மீட்டரைப் பார்த்துப் பயனில்லை, பேட்டைத்தான் பார்க்க வேண்டும். புதுசில் அதன் கனம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். 3க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். சக்கரத்தின் இடுக்கு வழியே டார்ச் அடித்துப் பார்க்கலாம், ஆனால் அதில் தெரிவது வெளிப்பக்கத்துப் பேட். உள்பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. பல நேரம் அதுதான் முதலில் தேயும். என் வண்டியிலும் அப்படித்தான். டயர் மாற்றும் நாளில், சக்கரம் கழன்றிருக்கும்போது, இரண்டையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஃபோர்மேன் என்றாலே ஏமாற்றுவான் என்று பேசுகிற நாம், காட்டு என்று கேட்பதில்லை. நம் நாட்டில் பேருந்துக்கும் லாரிக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. சொந்தக் காரை, கைமாறும் நாள் வரை, அப்படி யாரும் கூப்பிட்டுச் சோதிப்பதில்லை.

யாரும் கூப்பிட்டுச் சோதிக்காமலே கண்டுகொண்டவர் ஒருவர் உண்டு. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மூன்று சக்கர மோட்டார் வண்டியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல், தாய் வீடு கிளம்பினார். வழியில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துவிட்டன. செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி, கட்டைமேல் தோல் வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் என்பதன் தொடக்கமே அதுதான் என்பார்கள். மெக்கானிக் என்று ஒருவன் இல்லாத காலத்தில், நடுவழியில், கட்டை தேய்ந்தது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

“முதல் கொஞ்ச நாளைக்கு அழுத்திப் பிடிக்காதீங்க அண்ணே, பேட்டும் தட்டும் படியணும்” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தான். திரும்பும் வழியில் மனைவி வானொலியை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் ஒரு சிவப்பு விளக்குக்காகக் காத்திருந்தேன். அன்று பார்த்து வீடு வரைக்கும் எல்லாம் பச்சை.