அழகு யாருடைய சொத்து?

ஒரு வாழைப்பழம். சுவரில் வைத்து, குறுக்கே ஒரு துண்டு ஒட்டுநாடா. தீர்ந்தது வேலை! இதற்குப் பெயர் கலையாம். செய்தவர் இத்தாலியரான மௌரிசியோ கட்டெலான். 2019-ல் அமெரிக்காவில் மியாமி கலைச் சந்தையில் இதற்கு விலை 1,20,000 டாலர். 2024 நவம்பரில் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் 62 லட்சம் டாலர்! அன்றைய மதிப்பில் சுமார் 52 கோடி ரூபாய். ஏலம் எடுத்தவர் ஜஸ்டின் சன் என்ற கிரிப்டோ நாணய முதலாளி. சில நாட்களில் ஹாங்காங் ஓட்டலில் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் உரித்துத் தின்றும் விட்டார்.

அந்த ஏலப் பழம் வாங்கியது எங்கே? நியூயார்க் தெருவோரப் பழக்கடையில், 35 சென்ட்டுக்கு. விற்றவர் வங்கதேசத்திலிருந்து பிழைக்கப் போன ஒரு முதியவர். அவர் கூலி மணிக்கு 12 டாலர் என்று அப்போது செய்தி வந்தது. தோழர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் 12 மணி நேரம், ஒரு நாள்கூட லீவில்லாமல் அவர் நின்றாலும், 62 லட்சம் டாலர் சேர 118 ஆண்டுகள் ஆகும்!

"சந்தையைக் கேலி செய்யும் கலை இது, உங்களுக்குப் புரியவில்லை" என்கிறார்கள் மேதாவிகள். நன்றாகவே புரிகிறது. கேலிக்கு ஆளானவன் கோபப்படவில்லை. காசு கொடுத்து வாங்கிச் சிரிக்கிறான். யாருக்கும் உறைக்காத கேலி அரண்மனை விதூஷகனின் தொழில்.

"அழகு பழங்கதை, இன்றைய கலைக்குக் கருத்துதான் உயிர்" என்கிறார்கள். 1917-ல் மார்சேல் டூஷாம்ப் ஒரு சிறுநீர்த் தொட்டியைக் கண்காட்சிக்கு அனுப்பினார். ஏழை வீட்டுப் பிள்ளைகளை லட்சக்கணக்கில் யுத்தத்துக்குப் பலி கொடுத்துவிட்டு, மாளிகையில் அமர்ந்து அழகு பேசிய காலம் அது. அந்த அடியில் நியாயம் இருந்தது. கண்காட்சிக்காரர்கள் அதை வைக்க மறுத்தார்கள். இன்றோ, அதே மாளிகைக்காரர்கள்தான் ஏலத்தில் கை தூக்குகிறார்கள்!

அழகை ஏன் வெளியே தள்ளுகிறார்கள்? அழகை எடைபோட எவனுக்கும் உரிமை உண்டு. பாவு நூலில் ஒரு இழை பிசகினால் நெசவாளி கண்டுகொள்வான். நட்ட வரிசை கோணினால் நடவு நடும் பெண் சொல்லிவிடுவாள். அழகு அளவுகோலாக இருந்தால், உழைப்பாளியும் நீதிபதி. அந்த அளவுகோலை ஒடித்து எறிந்தால், மதிப்பைச் சொல்ல ஏலக்காரனின் சான்றிதழ் ஒன்றுதான் மிச்சம். அந்த முதலாளி வாங்கியதும் சான்றிதழைத்தான். பழம் அழுகினால் வேறு பழம் ஒட்டிக்கொள்ளலாம்!

நம் பக்கத்திலும் சிலர், "வயிறு காயும்போது அழகு எதற்கு?" என்கிறார்கள். இதுவும் தவறு. 1943 வங்கப் பஞ்சத்தில் சித்தப்ரசாத் மிட்னாபூர் மாவட்டத்தைச் சுற்றி, எலும்பும் தோலுமான மக்களை வரைந்தார். அழகான காட்சியா அது? இல்லை. ஆனால் அந்தக் கறுப்புக் கோட்டின் உறுதி, அந்த முகங்களுக்கு அவர் கொடுத்த மரியாதை, அதுதான் அழகு. அது கண்ணைப் பிடித்து நிறுத்தி உண்மையைப் பார்க்க வைக்கிறது. அதனால்தான் பிரிட்டிஷ் அரசு அந்தப் புத்தகப் பிரதிகளைப் பறித்து அழித்தது. வெறும் மினுக்கைக் கண்டு எந்த அரசு பயந்தது?

மெக்சிகோவின் டீகோ ரிவேரா 1932-33-ல் டெட்ராய்ட் கலைக்கூடத்தில் 27 சுவரோவியங்கள் தீட்டினார். போர்டு கார் தொழிற்சாலையின் உலையும் இயந்திரமும் உழைக்கும் கரங்களுமே நாயகர்கள். பணம் கொடுத்தது போர்டு குடும்பத்து எட்செல் போர்டு. சுவரில் நிமிர்ந்து நின்றதோ தொழிலாளி! வெள்ளையடித்து அழிக்கச் சொன்னார்கள் சிலர். ஓவியம் இன்றும் நிற்கிறது. நியூயார்க் ராக்பெல்லர் மையத்தில் அவர் லெனினை வரைந்தார். ராக்பெல்லர்கள் 1934-ல் அந்தச் சுவரோவியத்தையே உடைத்தார்கள். வாழைப்பழத்தை எந்த முதலாளியாவது உடைத்தானா? தின்றான், அவ்வளவுதான்!

ஆகவே, அழகைப் பகைவனிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். கூலி கேட்பது போலவே, நம் பிள்ளைகளின் பள்ளிக்கு ஓவிய ஆசிரியரைக் கேளுங்கள். சங்கக் கட்டிடத்தின் வெறுஞ்சுவரை ஊர் ஓவியனிடம் கொடுங்கள். அவன் வரைந்தது நன்றாக இருக்கிறதா என்று சொல்ல எந்தச் சான்றிதழும் வேண்டாம். உங்கள் கண் போதும்.