மண் வீடு மட்டமானதா?



அரசின் வீட்டுவசதி ஆய்வுகளில் ‘கச்சா வீடு’ என்றொரு பிரிவு உண்டு. சுவர் மண்ணாகவும் கூரை ஓலையாகவும் இருந்தால் அந்த வீடு இதில் சேர்ந்துவிடும். இரண்டும் சுட்ட செங்கல், சிமெண்டு போன்றவையானால் அது ‘பக்கா வீடு’. கட்டிய பொருளைக் கொண்டே வீட்டை மதிக்கும் இவ்வழக்கம் நம் மனத்திலும் புகுந்துவிட்டது. மண் வீட்டில் வசிக்கும் மாணவன் நண்பனை வீட்டுக்கு அழைக்கக் கூசுகிறான். இந்தக் கூச்சத்துக்கு அறிவியலில் ஆதாரம் உண்டா? இல்லை என்பதே என் கருத்து.

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் என்ற பகுதி உள்ளது. மழைக்குப் பஞ்சமில்லாத இடம். அங்கே களியும் மணலும் கலந்த மண்ணில் வைக்கோல் சேர்த்து, நீர் விட்டு மிதித்து, படை படையாக வைத்துக் கட்டிய வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இம்முறைக்குக் ‘காப்’ என்று பெயர். சில வீடுகளுக்கு வயது நானூறுக்கும் மேல்! இன்றும் அவற்றில் மக்கள் வாழ்கிறார்கள். நம் கிராமங்களில் மண் சுவர் வைக்கும் முறையும் ஏறக்குறைய இதுதான்.

அவை ஏன் மழையில் கரையவில்லை? சுவரின் அடிப்பகுதி கல்லால் கட்டப்பட்டிருக்கிறது; எனவே தரையின் ஈரம் மண்ணுக்கு ஏறுவதில்லை. கூரை வெளியே நன்றாக நீண்டிருப்பதால் சாரலும் அதிகம் படுவதில்லை.

சுவருக்குள் நடப்பதையும் பாருங்கள். மணல் பாரத்தைத் தாங்குகிறது. களி அதைப் பசைபோல் ஒட்டுகிறது. களி மிகுந்தால் சுவர் வெடிக்கும், குறைந்தால் உதிரும். வைக்கோல், வெடிப்பு பரவாமல் இழுத்துப் பிடிக்கிறது. சுவரின் கனம் இரண்டடி இருந்தால், வெளியே அடிக்கும் வெயிலின் வெப்பம் உள்ளே வந்துசேரப் பல மணி நேரம் ஆகும்.

சிமெண்டுக்கோ சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். எரிபொருளிலிருந்தும் அந்தக் கல்லிலிருந்தும் கரியமில வாயு வெளியேறுகிறது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்டுத் தொழிலால் வருவது. மண் சுவர் காய வெயிலும் காற்றும் போதும். இடித்த சுவரை நனைத்து மீண்டும் கட்டலாம்.

அப்படியானால் மண்ணில் குறையே இல்லையா? உண்டு. 2003 டிசம்பர் 26 அன்று ஈரானின் பாம் நகரில் நிலநடுக்கம் ஏற்பட்டது. பச்சைச் செங்கல் வீடுகள் இடிந்து விழுந்தன. சுமார் 26,000 பேர் மாண்டனர். மண் சுவர் கனமானது, இழுவிசையைத் தாங்காது. நிலம் அதிரும் இடங்களில் தக்க வலுவூட்டல் இல்லாமல் அதைக் கட்டவே கூடாது. ஆண்டுதோறும் பூசி மெழுகும் வேலையும் உண்டு.

இக்குறைகள் பொறியாளர்கள் தீர்க்க வேண்டிய கணக்குகள். மண்ணை ஒதுக்கிவிடக் காரணங்கள் அல்ல. பர்க்கினா ஃபாசோவில் பிறந்த பிரான்சிஸ் கெரே, மண் கற்களைக் கொண்டு தம் கிராமத்துக்குப் பள்ளி கட்டினார். 2022இல் கட்டடக்கலையின் உயரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். சித்திரை வெயிலில், பிற்பகல் இரண்டு மணிக்கு, ஒரு மண் வீட்டிலும் ஒரு கான்கிரீட் வீட்டிலும் வெப்பமானியை வைத்து அளவு எடுங்கள். கூரையும் வெப்பத்தை மாற்றும். ஆகவே கூரை எதுவென்றும், சுவரின் கனம் எவ்வளவென்றும் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுடையது மண் வீடானால், அளவெடுக்க உங்கள் நண்பனை வீட்டுக்கு அழையுங்கள்!