குறையும் காஸும் தேடாத ஓட்டையும்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் ஏசி இயந்திரங்களுக்கு ஓய்வில்லை. அப்போதுதான் ‘காஸ் குறைந்துவிட்டது’ என்ற பேச்சும் எழும். மெக்கானிக் வருவார், சிலிண்டரை மாட்டிக் காஸ் அடிப்பார், அறை குளிரும். அடுத்த கச்சானுக்கு அவரே மறுபடியும் வருவார். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றுவது போல இதுவும் வருடாந்தப் பராமரிப்பு என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த நினைப்பு தவறு. குளிரூட்டி வாயு, எரிந்து தீர்ந்துபோகும் பொருளல்ல. மூடிய குழாய்களுக்குள் ஆவியாகியும் திரவமாகியும் அதே வாயுதான் ஆண்டுக்கணக்காகச் சுற்றிவர வேண்டும். குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கடலோரத்தில் அந்த ஓட்டை சீக்கிரமே விழும். வெளியே மாட்டியிருக்கும் பகுதியில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டிக்கிடக்கின்றன. உப்புக்காற்றின் ஈரம் பட்டதும் அவை அரிபடத் தொடங்கும். ஓட்டையைத் தேடாமல் காஸ் அடிப்பவர் உண்மையில் காஸை இயந்திரத்துக்குள் விடவில்லை, வானத்துக்கு விடுகிறார்.

வானத்துக்குப் போவது எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுவோம். பழைய ஏசிகளில் ஓடும் ஆர்-22 ஒரு கிலோ கசிந்தால், பூமியைச் சூடாக்குவதில் அது ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 780 லீற்றர் பெற்றோலை எரித்தால் வெளிவரும் அளவு அது. போதாததற்கு ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. மீன் குளிர் அறைகளில் பரவலாகப் பயன்படும் ஆர்-404ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் சூடாக்குவதில் ஆர்-22ஐப் போல இருமடங்கு கொடியது.

இலங்கை 1989 டிசம்பரில் ஓசோனைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையில் இணைந்தது. 2018 செப்டெம்பரில் அதன் கிகாலித் திருத்தத்தையும் ஏற்றது. உடன்படிக்கையில் வளரும் நாடுகளுக்கான அட்டவணைப்படி ஆர்-22 வகை வாயுக்களின் பாவனை 2025இல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைய வேண்டும். 2030உடன், பழுதுபார்ப்புக்கென ஒதுக்கும் சிறு பங்கைத் தவிர, அவற்றின் காலம் முடிகிறது. கொழும்பில் ஒப்பமிட்ட உறுதிமொழியைக் காப்பதும் உடைப்பதும் நிலாவெளி விடுதியின் மொட்டைமாடியில்தான் நடக்கிறது.

நம் கவலை சுற்றாடலோடு நிற்கவில்லை. ஒரு பொருள் சந்தையில் அருகும்போது போலி நுழையும். 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்கொள்கலன்கள் வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். நல்ல குளிரூட்டி என்ற பெயரில் உள்ளே போயிருந்தது மெத்தைல் குளோரைட் கலந்த போலி வாயு. அது கம்பிரசரின் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும் சேர்மமாக மாறியிருந்தது. கப்பல் வந்துபோகும் ஊர் எதுவும் இந்தச் செய்தியை மறக்கக் கூடாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. புரொப்பேன் நல்ல குளிரூட்டி; பூமிக்கும் இதமானது. அதற்கென்றே செய்த இயந்திரத்தில், அளவோடு, தயங்காமல் பயன்படுத்தலாம். பழைய ஆர்-22 இயந்திரத்தில் அதை அடைப்பது, தீப்பொறி தெறிக்கும் சுவிட்சுக்குப் பக்கத்தில் சமையல் எரிவாயுவைத் திறந்துவிடுவதற்கு ஒப்பானது.

மெக்கானிக்கைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நாம் எழுதவில்லை. பழைய காஸை உறிஞ்சிச் சேகரிக்கும் இயந்திரம் அவரிடம் இல்லை. சேகரித்தாலும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கிட்டத்தில் ஓர் இடம் வேண்டும். நைட்ரஜனால் அழுத்தம் கொடுத்துக் கசிவு தேட அரை நாள் போகும். அந்த அரை நாளுக்குக் கூலி தர வீட்டுக்காரருக்கு மனமில்லை. ஆகவே மாற்றம் பணம் கொடுக்கும் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். மாவட்டச் செயலகம் முதல் வைத்தியசாலைகள் வரை, அரச கட்டடங்களின் ஏசிப் பராமரிப்புக் கேள்விமனுக்களில் ஒரு வரி சேரட்டும்: ஓட்டையைக் கண்டு அடைத்ததாக எழுத்தில் தராதவருக்குக் காஸ் அடித்த கூலி இல்லை. விடுதிக்காரர்களும் இதையே பின்பற்றட்டும். தொழிற்தகைமைச் சான்றிதழ் இல்லாதவருக்குக் கடைகள் காஸ் சிலிண்டர் விற்கக் கூடாது. சுற்றாடல் அமைச்சின் ஓசோன் பிரிவு, மீட்பு இயந்திரங்களை வாடகைக்குத் தரும் நிலையமொன்றைத் திருகோணமலை நகரிலேயே நடத்த வேண்டும்.

ஐஸ் கதை வேறு. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் கலங்கள் ஐஸ் இல்லாமல் புறப்பட முடியாது. சூரை மீன் சூடேறினால் அதில் ஊறும் ஹிஸ்டமின் நஞ்சு சமைத்தாலும் போகாது. பெரிய ஐஸ் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் ஓடுவது அமோனியா. ஓசோனுக்கும் பூமிக்கும் தீங்கில்லாத, மலிவான, மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும் வாயு அது. அமோனியாவைக் கைவிடச் சொல்வோர் பக்கம் நாம் இல்லை. ஆனால் கண்ணையும் நுரையீரலையும் அது எரித்துவிடும். 2024 ஜூலையில் தூத்துக்குடிக்கு அருகே மீன் பதனிடும் ஆலையொன்றில் அமோனியா கசிந்து ஏறத்தாழ முப்பது பெண்கள் மயங்கி விழுந்தார்கள். அங்கே மீன் வெட்டும் கைகளும் இங்கே வெட்டும் கைகளும் ஒரே மாதிரிதான்.

ஐஸ் தொழிற்சாலையில் ஆபத்து மிகுந்த வேலை, அமோனியாக் கலன்களின் அடியில் தேங்கும் எண்ணெயை வடிப்பது. கை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் வால்வு அங்கே கட்டாயம் வேண்டும். அந்த வேலைக்கு ஒருவரைத் தனியே அனுப்பவே கூடாது. காற்றில் பரவும் ஆவியைத் தண்ணீர்ச் சாரலால் அடக்கலாம். தரையில் தேங்கிய திரவ அமோனியாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்தெழும். இந்த வித்தியாசத்தை ஐஸ் உடைக்கும் கடைசித் தொழிலாளியும் தெரிந்திருக்க வேண்டும்.

கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது? காற்றுக்கு எதிரே. நம் ஊரில் காற்று ஆண்டுக்கு இரண்டு முறை திசை மாறுகிறது: கச்சானில் தென்மேற்கிலிருந்து, வாடையில் வடகிழக்கிலிருந்து. கச்சானில் தப்ப வைக்கும் வழியே வாடையில் நச்சுக்குள் கொண்டுபோய் விடும். ஆகவே ஒத்திகையும் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்க வேண்டும், அயல் வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு. வரும் வாடை தொடங்குமுன் கடற்றொழில் திணைக்களமும் தீயணைப்புப் பிரிவும் முதல் ஒத்திகையைக் கொட்பேயில் நடத்தட்டும்.