உத்திரமேரூர் கல்லுக்கு வயசு என்ன? ஜல்லி ஆக்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

உத்திரமேரூர்னு சொன்னா எல்லாருக்கும் ஞாபகம் வருவது குடவோலைக் கல்வெட்டு. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ல் வெட்டியது. எழுத்துக்கு வயது சுமார் 1,100 ஆண்டு. சரி, இந்த வட்டாரத்துக் கருங்கல்லுக்கு?

சென்னை பல்லாவரத்தில் தொடங்கி காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம் வரை பரவலாகக் கிடைக்கும் கருங்கல் வகைக்குப் பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறையில் இருப்பது பல்லாவரம் பகுதிக் கல். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-ல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். நம்ம ஊர் கல், கல்லறைக்காரர் பெயர்!

சென்னையைச் சுற்றியுள்ள சார்னோகைட் உருமாறியது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேலான வெப்பத்தில் வெந்த கல் இது. மேலே இருந்த மலைகள் எப்பவோ கரைஞ்சு போச்சு. நாம் பார்ப்பது அதன் வேர். மதுரைப் பக்கம் போனால் கதையே வேற. அங்குள்ள பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானா கண்டம் ஒன்றுசேர்ந்தபோது மறுபடியும் வெந்தவை.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? கல்லுக்குள் ஜிர்கான் என்ற கனிமம், மணலை விடச் சின்னத் துகளாக இருக்கும். அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைச் சேர்க்காது. யுரேனியம்-238-ல் பாதி ஈயமாக மாற 447 கோடி ஆண்டு ஆகும். அதனால் உள்ளே இருக்கும் ஈயத்தையும் மிச்ச யுரேனியத்தையும் அளந்தால் வயது தெரிஞ்சிடும்.

சிக்கல் இனிமேல்தான். ஒரே துகளில் நடுப்பகுதி ஒரு வயது காட்டும், ஓரம் இன்னொரு வயது காட்டும். நடுப்பகுதி, மூலப்பாறை குழம்பிலிருந்து உறைந்த காலம். ஓரம், பிறகு வெந்து உருமாறியபோது வளர்ந்தது. அதே கல்லில் இருக்கும் கருப்பு மைக்காவைப் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் அளந்தால் மூன்றாவதாக ஒரு வயது வரும். சுமார் 300 டிகிரிக்குக் கீழே கல் ஆறின பிறகுதான் அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். மூன்றுமே சரிதான். "இந்தக் கல்லுக்கு வயசு இவ்வளவு"ன்னு செய்தியில் ஒரே நம்பர் போட்டா, எந்தச் சம்பவத்தின் வயதுன்னு கேளுங்க.

அதைச் சொல்ல லேப் மட்டும் போதாது, கல் இருந்த இடமும் வேணும். எந்தப் பட்டை எதை வெட்டிக்கொண்டு போகுது, எது முதலில் வந்தது என்பதெல்லாம் பாறை முகத்தில்தான் தெரியும். உத்திரமேரூர் வட்டாரத்தில் கல் குவாரிகளும் கிரஷர்களும் எவ்வளவுன்னு அந்த ரோட்டில் டிப்பர் லாரி பின்னாடி போனவங்களுக்குத் தெரியும். ஜல்லியிலும் எம்-சாண்டிலும் ஜிர்கான் இருக்கத்தான் செய்யும், ஆனா முகவரி போயிடும். கோயிலிலிருந்து பெயர்த்து உடைச்ச கல்வெட்டு மாதிரி.

குவாரியை மூடுங்கன்னு சொல்லல. வீடும் ரோடும் கல்லில்தான் எழும்புது. சொல்லப்போனா, வெயில் மழை படாத புதுப் பாறையைத் திறந்து காட்டுவதே குவாரிதான். புவியியலாளர்களுக்கு அது லட்டு மாதிரி.

என் கருத்து இதுதான். அனுமதி கேட்கும்போது எத்தனை கன மீட்டர், எத்தனை மீட்டர் ஆழம்னு சுரங்கத் திட்டத்தில் கணக்குக் காட்டுறாங்க. அதோடு சேர்த்து, வெடி வைக்கும் முன் பாறை முகத்தின் போட்டோ, இடக்குறிப்பு, சில கிலோ மாதிரிக் கல் ஆகியவற்றை ஒரு பல்கலைக்கழகப் புவியியல் துறையில் ஒப்படைக்கணும்னு ஒரு நிபந்தனை போடலாம். ஒரு லாரி லோடு ஜல்லியோட ஒப்பிட்டா அது ஒரு பை கல். புவிப் பாரம்பரியத் தலங்களைக் காக்க மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வரைவு மசோதா வெளியிட்டது. அதன் கவனம் பெயர் பெற்ற இடங்கள் மேல். பெயரில்லாத குன்றுகளுக்கு இந்த ஒரு பை கல்லை மாவட்ட அளவிலேயே கேட்டு வாங்கலாம்.