சந்தைக்கு ஒரு கிழமை வேண்டும்

விஷுவுக்கு முந்தைய நான்கைந்து நாட்களில் கொச்சி கலூர்ச் சந்திப்பின் நடைபாதைகள் மஞ்சளாகிவிடுகின்றன. கணி வெள்ளரியும் கொன்றைப் பூங்கொத்தும் குவிந்து கிடக்கும். மெட்ரோ நிலையத்திலிருந்து இறங்கி வருபவர்கள் ஒரு காயை எடுத்துத் தட்டிப் பார்த்து விலை கேட்பார்கள். விஷுவுக்கு மறுநாள் அந்த மஞ்சளின் தடமே இராது. ஏறத்தாழ அதே நாட்களில், இடப்பள்ளி, வராப்புழை, வடக்கன் பரவூர் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பேருந்துப் பயணத் தொலைவிலுள்ள சேந்தமங்கலத்தில், பாலியம் மைதானத்தில் 'மாற்றச்சந்த' கூடுகிறது. பண்டமாற்று என்னும் தமிழ்ச் சொல்லில் இருக்கும் அதே மாற்றுதான் இதன் பெயரிலும் உள்ளது. இன்று அங்கே பெரும்பாலும் பணந்தான் கைமாறுகிறது என்றாலும் பெயர் மாறவில்லை; கூடும் காலமும் மாறவில்லை.

இக்காட்சிகளையொட்டி ஒரு கோரிக்கை அடிக்கடி எழுகிறது: உழவர்கள் நேரடியாக விற்க நகரத்தில் நிரந்தரக் கட்டடம் வேண்டும், அது நாள்தோறும் திறந்திருக்க வேண்டும், குளிர்பதன அறை வேண்டும். கோருபவர்களின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் 'நிரந்தரம்', 'நாள்தோறும்' என்னும் இரண்டு நிபந்தனைகளும், யாருக்காகச் சந்தை கேட்கப்படுகிறதோ அந்தச் சிறு உழவரையே அதிலிருந்து வெளியேற்றக்கூடியவை. கிராமத்துச் சந்தையின் உயிர் அதன் கூரையில் இல்லை, கிழமையில் இருக்கிறது. இதை மொழி நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. திட்டம் வகுப்பவர்கள்தாம் கவனிப்பதில்லை.

அங்காடி, சந்தை என்னும் இரு சொற்களைத் தமிழும் மலையாளமும் பகிர்ந்துகொள்கின்றன. அங்காடி பழைய சொல். நாளங்காடி, அல்லங்காடி என்னும் வழக்குகளைப் பழந்தமிழ் இலக்கியத்தில் காணலாம். மலையாளத்தில் அங்ஙாடி என்றால் கடைகள் நிலையாக அமைந்த தெரு. மட்டாஞ்சேரியிலுள்ள கொச்சங்காடி அப்படிப்பட்ட ஒரு பெயர். (1344ஆம் ஆண்டைச் சேர்ந்த யூதத் தொழுகைக்கூடம் ஒன்று அங்கே இருந்தது; அதன் கல்வெட்டு இப்போது பரதேசி தொழுகைக்கூடத்தில் இருக்கிறது.) சந்தை அத்தகையதன்று. கன்னடத்தில் சந்தெ, தெலுங்கில் சந்த, மலையாளத்தில் சந்த என ஒரே சொல் நான்கு மொழிகளிலும் குறித்த நாளில் மக்கள் கூடிக் கலையும் வாணிகத்தையே முதன்மையாகக் குறித்து வந்திருக்கிறது. இச்சொல்லோடு வரும் வினைகளைக் கவனிக்கலாம். கடை திறக்கும், மூடும். சந்தையோ கூடும், கலையும். அவைக்கும் ஊர்க்கூட்டத்துக்கும் வழங்கும் வினைகள் அவை. பங்குச்சந்தை, சந்தைப்படுத்தல் போன்ற அண்மைக்கால ஆக்கங்களில்தான் சந்தை தன் நாளை இழந்து வெறும் அருவப் பொருளாயிற்று.

ஊர்ப்பெயர்களும் இதற்குச் சான்று. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை, நாமக்கல் அருகிலுள்ள புதன்சந்தை, கோவையின் சுக்கிரவார்பேட்டை, 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த குமரி மாவட்டத்தின் திங்கள்சந்தை, வெள்ளிச்சந்தை. ஆற்றின் பெயராலும் தெய்வத்தின் பெயராலும் ஊர்கள் அமைவது இயல்பு. வாரத்தின் ஒரு நாள் ஊருக்குப் பெயராக வேண்டுமென்றால், சுற்றியிருந்த நாற்பது ஐம்பது கிராமங்களுக்கு அந்த நாளைத் தவிர அவ்வூரிடம் வேறு வேலை இருந்திருக்காது.

கிழமைகள் தற்செயலாக அமைந்தவையும் அல்ல. கோட்டப்புரம் சந்தைக்குத் திங்களும் வியாழனும், ஆற்றுக்கு இப்பால் உள்ள பரவூர்ச் சந்தைக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்பது பழைய முறை. ஒன்றின் நாளில் மற்றது குறுக்கிடாது. படகில் வரும் வணிகன் இன்று கோட்டப்புரத்தில் விற்காததை நாளை பரவூரில் விற்பான். சீனக் கிராமச் சந்தைகளை ஆராய்ந்து ஜி. வில்லியம் ஸ்கின்னர் 1964-65இல் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஏற்பாட்டின் தருக்கத்தை விளக்கின: ஒரு கிராமத்தின் வாங்கும் வலு ஒரு கடையை நாள்தோறும் தாங்காது, ஆகவே வணிகன் ஊர் ஊராகச் சுழல்கிறான், உழவன் நடக்கும் தொலைவு குறைகிறது. மொழி எல்லையும் இச்சுழற்சிக்குத் தடையில்லை. செவ்வாயன்று பொள்ளாச்சியில் கைமாறும் மாடு வியாழனன்று பாலக்காட்டு மாவட்டத்தின் வாணியங்குளத்தில் நிற்க முடியும். அங்கே தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல்பிடித்து விலை பேசுவார்கள். தமிழ், மலையாளம் இரண்டுமே வேண்டாத ஓர் எண்மொழி அது. இருமொழியம் பற்றிய ஆய்வேடுகளில் அதற்கு ஓர் அடிக்குறிப்பாவது கிடைத்தால் நன்று.

இனிக் கோடைக்கு வருவோம். மத்தியக் கேரளத்தில் முண்டகன் நெல் அறுவடையானபின், மகர மாத வாக்கில், தரிசாகக் கிடக்கும் வயலில் வெள்ளரி, பயறு, மத்தன், கும்பளம், புடலை, கீரை விதைப்பார்கள். அது பெரும்பாலும் சொந்த நிலமாக இராது. நெல்லுக்கும் நெல்லுக்கும் இடையில் குத்தகைக்கு எடுத்த சில சென்ட் நிலமாக இருக்கும். குளத்திலோ வாய்க்காலிலோ நீர் வற்றுவதற்குள் விளைச்சல் எடுத்தாக வேண்டும். வெள்ளரி பழுக்க இரண்டு, இரண்டரை மாதம் ஆகும். ஆகவே மகரத்து விதை விஷுவுக்குச் சரியாக வந்து சேருகிறது. பொக்காளி வயல்களில் இதே காலத்தில் வேறொன்று நடக்கிறது. மழைக்கால நெல்லுக்குப் பின் அவ்வயல்களில் உவர்நீர் ஏற்றி இறால் வளர்ப்பார்கள். அந்தப் பருவம் ஏப்ரல் 14இல் முடியும். கடைசி நாட்களில் வயலைக் கலக்கி மீனையும் இறாலையும் வாரி எடுப்பார்கள். பலாவும் மாவும் அப்போதுதான் பழுக்கின்றன. 2018இல் கேரளம் பலாவைத் தன் அதிகாரபூர்வப் பழமாக அறிவித்தது. ஆயினும் வீட்டுத் தோட்டத்துப் பலாவின் பெரும்பகுதி பிஞ்சிலேயே மொத்தமாக விலை பேசப்பட்டு லாரியில் தமிழ்நாட்டுக்குப் போகிறது, அல்லது மரத்தடியில் அழுகுகிறது. ஜூன் மழை இறங்கிவிட்டால் பழத்தில் சுவையும் இல்லை, விலையும் இல்லை.

ஒரு வீட்டில் இரண்டு பலாப்பழம், ஒரு கூடை மாங்காய், எட்டு வெள்ளரி, அரைக்கிலோ உலர்ந்த இறால் இருக்கிறது என்று கொள்வோம். இதைச் சுமந்துகொண்டு நாள்தோறும் நகரத்துக்கு வர எவராலும் இயலாது. பேருந்துக் கட்டணத்துக்கே கட்டாது. வாரத்தில் ஒரு நாள் வரலாம். வெள்ளரி அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கும் காய். ஓலையிலோ வாழைநாரிலோ கட்டி விட்டத்தில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. குளிர்பதன அறை கேட்பவர்கள் இதை ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம். எல்லாப் பயிருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். பயறு காய்க்கத் தொடங்கினால் ஒன்றுவிட்ட நாள் பறித்தாக வேண்டும். கீரை வெட்டிய சில மணி நேரத்தில் வாடும். இவற்றுக்கு வாரச்சந்தை தீர்வாகாது. தெருவில் கூவி விற்பவரும் அக்கம்பக்கத்து வீடுகளுந்தான் இவற்றின் அங்காடி.

கோடைச் சந்தையின் இன்னொரு பாதியை நகரத்தார் கவனிப்பதேயில்லை. உழவர் அங்கே விற்க மட்டும் வருவதில்லை, வாங்கவும் வருகிறார். மேட மாதத்தின் முதல் மழைக்குப் பின் சேனை, சேம்பு, இஞ்சி, மஞ்சள் நடவேண்டும். பத்தாமுதயம் எனப்படும் மேடம் பத்தாம் நாள் நடவுக்கு உகந்ததென்பது நம்பிக்கை. ஆகவே விஷுச் சந்தையில் விதைக்கிழங்கும் மண்வெட்டியும் கூடையும் பாயும் சட்டியும் வாங்கிப் போவது அடுத்த ஆண்டுப் பயிரின் தொடக்கம். கடலோரத்தார் கொண்டுவந்த உலர்மீனுக்கு உள்நாட்டார் கொண்டுவந்த கிழங்கு மாறியது வெறும் உணவு மாற்றமன்று. விதையும் அப்படித்தான் ஊர்விட்டு ஊர் போயிற்று. இன்றைய நகரத்து 'உழவர் அங்காடி'களில் உழவர் விற்பவர் மட்டுமே. விற்று முடித்ததும் அவர் வாங்க அங்கே ஒன்றும் இருப்பதில்லை. ஒரு கைச் சந்தை அது.

தமிழ்நாட்டின் உழவர் சந்தை இங்கே தவிர்க்க முடியாத ஒப்பீடு. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் தொடங்கப்பட்ட அத்திட்டம் இடைத்தரகரை நீக்கியது, எடைக்கருவியைக் கொடுத்தது, காய்கறி மூட்டைக்குப் பேருந்தில் இடம் தந்தது, விலையைப் பலகையில் எழுதி வைத்தது. எடையும் விலையும் எல்லோர் கண்முன்னும் இருந்தது எளிய சாதனையன்று. அதே ஆண்டு ஆந்திரத்தில் ரைத்து பஜார் வந்தது. பஞ்சாபின் அப்னி மண்டி 1987லேயே வந்துவிட்டது. ஆனால் உழவர் சந்தை பெயரில்தான் சந்தை, நடப்பில் அங்காடி. நாள்தோறும் விடியற்காலையில் கடை விரிக்கவேண்டும். ஓர் ஏக்கருக்கும் குறைவாகப் பயிரிடும் குடும்பத்தில் நாள்தோறும் ஒருவர் சந்தையில் உட்கார்ந்தால் வயலில் யார் நிற்பது? அந்த இடைவெளியில் உழவர் அட்டையோடு வணிகர் நுழைகிறார் என்ற குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. அது தனிமனித ஒழுக்கத்தின் குறை மட்டுமன்று. நாள்தோறும் என்னும் விதி பெற்ற பிள்ளை.

கேரளம் வேறொரு வழியை முயன்றது. 1993இல் ஐரோப்பிய உதவியோடு தொடங்கிய தோட்டக்கலை மேம்பாட்டுத் திட்டம், 2001இல் காக்கநாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட காய்கறி, பழ மேம்பாட்டுக் குழுமமாக மாறியது. அதன் கீழ் உழவர் குழுக்கள் நடத்தும் விற்பனை மையங்கள் வாரத்தில் குறித்த சில நாட்களில் கூடுகின்றன. உழவர்கள் விளைச்சலைச் சேர்த்து வைக்க, வணிகர்கள் அங்கே வந்து ஏலம் கேட்கிறார்கள். பேரம் பேசும் வலு தனி உழவரிடமிருந்து குழுவுக்கு வருகிறது. கிழமையின் அருமை தெரிந்த ஏற்பாடு இது. ஆயினும் உண்பவர் அங்கே வருவதில்லை; அதற்கு வைத்த பெயரும் சந்த அன்று, 'விபணி'. கிராமத்தார் வாயில் அச்சொல் இன்னும் அறிவிப்புப் பலகையின் சொல்லாகவே ஒலிக்கிறது.

மாற்றச்சந்தையைப் பற்றி வரும் பத்திரிகைக் குறிப்புகள் பெரும்பாலும் ஏக்கத்தில் தோய்ந்தவை. பணமில்லாத, நேர்மையான, எல்லோரும் ஒன்றாயிருந்த காலம் என்று அவை எழுதும். சேந்தமங்கலம் கொச்சி அரசின் முதலமைச்சர்களாகப் பரம்பரையாக இருந்த பாலியத்து அச்சன்களின் ஊர். அவர்களுடைய மாளிகைக்கு முன்னிருந்த பாதையில் நடக்கும் உரிமை ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மறுக்கப்பட்டிருந்தது. நாடு விடுதலை பெற்றபின்னர், 1947 டிசம்பரில், அந்தப் பாதைக்காகப் பாலியம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. 1948 மார்ச்சில் ஏ.ஜி. வேலாயுதன் அதில் உயிர் துறந்தார். சந்தை கூடும் மைதானமும் அந்தப் பாதையும் ஒரே ஊரில், ஒரே குடும்பத்தின் ஆட்சிக்குள் இருந்தவை. அப்படியானால் கிழங்குக் கூடையோடு வந்தவர் எந்த வழியாக வந்தார், யார் முன் எவ்வளவு தொலைவில் நின்று மாற்றினார், எது எதற்கு ஈடு என்பதை யார் தீர்மானித்தார்? ஏக்கக் குறிப்புகள் இவற்றைக் கேட்பதில்லை. பண்டமாற்றில் அளவை உண்டு. அளப்பவர் கை மேலிருந்தால் அளவை குறையும். இந்த வகையில் பலகையில் விலை எழுதிய உழவர் சந்தை பழைய சந்தையைவிட ஒரு படி மேல். மீட்க வேண்டியது சந்தையின் காலமுறையை. அதன் பழைய மேல்கீழை அல்ல.

கலூருக்குக் கிழமை புதிதன்று. அங்குள்ள புனித அந்தோணியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்தோறும் நவநாள் வழிபாட்டுக்குப் பெருங்கூட்டம் வருகிறது. கூட்டத்தோடு மெழுகுதிரியும் பூவும் பழமும் விற்பவர்களும் வருகிறார்கள். கட்டடம் எதுவும் கட்டாமல், அறிவிப்பு எதுவும் இல்லாமல், வாரந்தோறும் ஒரு சிறு சந்தை கூடிக் கலைகிறது. சந்தைகள் பல இப்படித்தான் வழிபாட்டுத் தலத்தின் வாசலில் பிறந்தன. ஆனால் செவ்வாய் பரவூருக்கு உரியது. பரவூர், வைப்பின், சேந்தமங்கலம் பக்கத்து உழவரை அந்நாளில் கலூருக்கு அழைத்தால் பரவூர்ச் சந்தை மெலியும்; நகரம் கிராமத்தை உதவி செய்தே விழுங்கிவிடும். திங்களும் வியாழனும் கோட்டப்புரத்துக்கு, வெள்ளி மறுபடியும் பரவூருக்கு. எஞ்சியவற்றில் புதன் பொருத்தமானது: செவ்வாயன்று பரவூரில் விற்காமல் மீந்தது மறுநாள் காலை கலூர் விளையாட்டரங்கைச் சுற்றியுள்ள திறந்தவெளியில் விலைபோகும்.

இதற்கு வேண்டுவன சில. கூடை வைக்கும் இடத்துக்கு வாடகை கூடாது. பொதுத் தராசு ஒன்று வேண்டும். விலைப்பலகை வேண்டும். காலை ஐந்தரைக்குப் பரவூரிலிருந்து கூடைகளை ஏற்றும் ஒரு பேருந்து வேண்டும். ஒரு வரிசை விதைக்கும் நாற்றுக்கும் மண்பாண்டத்துக்கும் ஒதுக்கப்பட வேண்டும். மாசியில் தொடங்கி, மழை இறங்கும்வரை வாரம் தவறாமல் நடக்கவேண்டும்; தேர்தல் வந்தாலும், பெருந்தலைவர் எவரும் திறந்துவைக்க வராவிட்டாலும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் முன்கூட்டியே தெரியவேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் விஷுச் சந்தை என்று சுவரொட்டி ஒட்டினால் அதைப் படித்துப் பயன்பெறுபவர் ஏற்கெனவே சரக்கு வைத்திருக்கும் மொத்த வணிகரே. எட்டு வெள்ளரியோடு வரவேண்டியவருக்கு அச்செய்தி மகரத்தில், வயலில் நெல்தாள் காய்ந்து நிற்கும்போதே, விதை கையில் இருக்கும்போதே போய்ச் சேரவேண்டும்.